காட்டு வழியில் இரண்டு பஸ்கள்

பூஜை விடுமுறை நெருங்குகிறதென்றால் கொல்கத்தாவில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். “இம்முறை எங்கே போவது?” ஊருக்குப் போய்வர ரயிலில் இடம் அகப்படுவதில்லை. பூரிக்கும் டார்ஜிலிங்குக்கும் முன்பே போயாயிற்று. ஆகவே, “குழந்தைகளுக்குக் காட்டு விலங்குகளைக் காட்டிவிட்டு வரலாமே” என்ற யோசனை இப்பொழுது பல குடும்பங்களில் பிறந்திருக்கிறது. நல்ல யோசனைதான். அலிப்பூர் மிருகக்காட்சிசாலையைத் தவிர வேறொன்றும் கண்டறியாத நகரத்துக் குழந்தைகள் ஒருமுறையேனும் காட்டைக் காண்பது நன்று. ஆனால் காட்டுக்குப் போவது சினிமாவுக்குப் போவதைப் போன்றதன்று. சீட்டு வாங்கிவிட்டோம் என்பதற்காகப் புலி வந்து நம்முன் நிற்காது. எதைக் காணப் போகிறோம், எப்படிக் காண வேண்டும், அந்தக் காட்சிக்காக யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பவற்றைப் புறப்படுமுன் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம். இம்மாதம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

நமக்கு அருகில், பஸ்ஸில் அமர்ந்தபடியே விலங்குகளைக் காணக்கூடிய இடம் சிலிகுரியில் இருக்கிறது. நகரைவிட்டுச் சேவோக் செல்லும் சாலையில், மகாநந்தா சரணாலயத்துக் காட்டின் விளிம்பில், ஏறக்குறைய 297 ஹெக்டேர் நிலப்பரப்பில் அமைந்த இந்தப் பூங்கா 2016 ஜனவரியில் திறக்கப்பட்டது. ‘பெங்கால் சஃபாரி’ என்பது அதன் வழக்குப் பெயர். வலைக்கம்பி அடித்த ஜன்னல்களையுடைய பஸ்ஸில் நம்மை ஏற்றிக்கொண்டு, மான்கள் திரியும் பகுதி, கரடிகளின் பகுதி, புலிகளின் பகுதி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் சுற்றி உயர்ந்த வேலி இருக்கிறது. அங்கே கூண்டுக்குள் இருப்பவர்கள் நாமே. விலங்கு மரநிழலில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டு நம்மை வேடிக்கை பார்க்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது ஏற்ற இடம். அலைச்சல் குறைவு, விலங்கைக் காணாமல் திரும்பும் ஏமாற்றமும் அநேகமாக இல்லை.

ஆனாலும் ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அது காடு அன்று. மிகப் பெரிய மிருகக்காட்சிசாலை. அங்குள்ள புலிக்கு இறைச்சி கொடுப்பவர் மனிதர். அது வேட்டையாடுவதில்லை, தனக்கென்று எல்லை வகுத்துக்கொள்வதும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுக் ‘காட்டில் புலி இப்படித்தான் சாலையோரம் படுத்திருக்கும்’ என்று எண்ணிக்கொண்ட குழந்தை, உண்மைக் காட்டுக்குப் போனால் ஏமாற்றமே அடையும். விலங்கு பழகியது போலத் தோன்றுவதனால் விளையும் கேடு நம் நகரத்தாருக்குப் புதியதும் அன்று. 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் மிருகக்காட்சிசாலையிலேயே, 1996-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளன்று, மதுமயக்கத்தில் இருந்த இருவர் புலிக்கு மாலை சூட்டப் போனார்கள். ஒருவர் உயிர் இழந்தார். புலியின்மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சிலிகுரிக்குக் கிழக்கே உண்மைக் காடுகள் இருக்கின்றன. கோருமாரா 1949-இல் சரணாலயமாகி, 1994-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதைவிடப் பெரியது ஜல்தாபாரா. தோர்சா ஆற்றின் கரையில், ஆள் உயரத்தையும் மிஞ்சி வளரும் புல்வெளிகள் நிறைந்த அந்தக் காடு, ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தைக் காப்பதற்கென்றே 1941-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2012-இல் தேசியப் பூங்கா என்ற நிலையை அடைந்தது. 1980-களின் நடுவில் அங்கே எஞ்சியிருந்த காண்டாமிருகங்கள் பதினான்கே என்று கணக்கிட்டார்கள். கொம்புக்காகக் கள்ள வேட்டையாடியவர்கள் மற்றவற்றைத் தீர்த்துவிட்டார்கள். அதன்பின் காவலைப் பெருக்கி, புல்வெளிகளைப் பேணி, ஊர்மக்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பாடுபட்டதன் பயனாக, 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 292 ஆயிற்று. நம் நாட்டில் காசிரங்காவுக்கு அடுத்தபடியாகக் காண்டாமிருகங்கள் மிகுதியாக வாழும் காடு இதுவே. வாரந்தோறும் நாம் காய்கறி வாங்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் இப்படியொரு வெற்றி நடந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்த வடவங்கக் காடுகள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காலத்துக்காக மூடப்பட்டிருக்கும். அது விலங்குகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் ஓய்வுக் காலம். பூஜை விடுமுறை வரும்போது காடு மழையில் நனைந்து, புல் ஓங்கி வளர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் விலங்கு புல்லில் மறைந்திருக்கும். புல் தாழ்ந்த பின், குளிர்காலத்தின் இறுதியிலும் வேனிலின் தொடக்கத்திலும் போகிறவர்களுக்குக் காட்சி எளிதில் கிடைக்கும். காட்டின் நடுவே 1967-இல் மரத்தால் கட்டப்பட்ட ஹோலாங் மாளிகையில் தங்கி, எதிர்க்கரை உப்பு மண்ணுக்கு வரும் காண்டாமிருகத்தைத் தாழ்வாரத்தில் நின்றே கண்ட நினைவு நம் மூத்தவர்கள் சிலருக்கு இருக்கலாம். அம்மாளிகை 2024 ஜூன் 18-ஆம் தேதி இரவு தீக்கு இரையாகிவிட்டது.

ஜல்தாபாராவில் பெரும்பாலும் திறந்த ஜீப்பில்தான் அழைத்துச் செல்கிறார்கள். விலங்குக்கும் நமக்கும் நடுவே வேலி இல்லை என்பதை அங்கே ஒருகணமும் மறக்கலாகாது. 2023 பிப்ரவரியில், தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காண்டாமிருகங்கள் சுற்றுலா ஜீப் ஒன்றின் பக்கம் திரும்பின. பின்னோக்கிச் செலுத்தப்பட்ட ஜீப் பாதையைவிட்டு இறங்கிக் கவிழ்ந்தது; பயணிகள் பலர் காயமுற்றனர். இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. இது அன்றாடம் நடப்பதன்று. “இன்னும் கொஞ்சம் அருகே போங்கள், படம் எடுக்க வேண்டும்” என்று ஓட்டுநரை நெருக்கும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். காட்டுப் பயணத்தில் தொலைவு என்பது அவருடைய தொழில் ஞானம். அதில் நாம் பேரம் பேசலாகாது.

நம் தமிழகத்திலும் இத்தகைய பயணம் உண்டு. ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் நீலகிரிப் பக்கம் செல்கிறவர்கள் முதுமலையைக் காணாமல் திரும்பலாகாது. தென்னாட்டின் முதற் சரணாலயமாக 1940-இல் அமைக்கப்பட்ட அந்தக் காடு, 2007-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மோயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையார் சிறு பஸ்களிலும் வண்டிகளிலும் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டி வருகிறார்கள். அங்குள்ள யானை முகாம் உலகப் புகழ் பெற்றது. தாயை இழந்த யானைக் கன்றுகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்த காட்டுநாயக்கர் குடித் தம்பதியரைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் குறும்படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் கன்றுகள் வளர்ந்தது இந்தத் தெப்பக்காட்டிலேதான்.

முதுமலைப் பஸ்ஸின் ஜன்னல் வழியே புள்ளிமான் கூட்டம் பெரும்பாலும் தென்படும். கடமானும், காட்டெருதும், மயிலும், முகம் கறுத்த நீண்ட வால் குரங்கும், மரத்துக்கு மரம் தாவும் செந்நிற மலையணிலும் அதிர்ஷ்டம் இருந்தால் காணலாம். யானைக் கூட்டம் பாதையைக் கடந்தால் பஸ்ஸை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். அப்போது வண்டிக்குள் நிலவும் நிசப்தம் எந்தக் கோயிலிலும் கிடைக்காதது. புலி? அதற்கு உத்தரவாதம் எவராலும் தர முடியாது. பலமுறை போயும் புலியைக் காணாதவர்கள் உண்டு.

இப்பயணத்தைத் தமிழ்ப் பாடமாகவும் ஆக்கிக்கொள்ளலாம் என்பது நமது ஆசை. நம் குழந்தைகள் அண்டை வீட்டாரோடு பழகிப் புலியைப் ‘பாக்’ என்றும், யானையை ‘ஹாத்தி’ என்றும், மானை ‘ஹோரிண்’ என்றும் சொல்லத் தெரிந்தவர்கள். அது நன்றே. ஆயினும் நம் மொழி இவ்விலங்குகளை எத்துணை நுட்பமாகப் பார்த்திருக்கிறது என்பதையும் அவர்கள் அறிய வேண்டாமா? ஆண் யானை களிறு; பெண் யானை பிடி. ஆண் மான் கலை. பெண் மான் பிணை. ஆண் குரங்கு கடுவன்; பெண் குரங்கு மந்தி. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்கின் இளமைக்கும் தனித்தனிப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. யானைக்குக் கன்று, புலிக்குக் குருளை, மானுக்கு மறி, குரங்குக்கு மகவு என்று அது பகுக்கிறது. தூரத்தில் நின்று உற்று நோக்கியவர்களுக்கே இந்தச் சொற்கள் தோன்றியிருக்க முடியும். வீட்டில் அமர்ந்து மனப்பாடம் செய்தால் அரைமணியில் மறந்துபோகும் சொல், கண்ணெதிரே பிடியின் காலிடுக்கில் கன்று நிற்கும்போது சொன்னால் ஆயுளுக்கும் மறவாது.

இனி, பஸ் என்ற வண்டியின் பெருமையைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் டெனாலி என்னும் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் பரப்பு, மேற்கு வங்கம் முழுவதையும் நான்காகப் பகுத்தால் வரும் ஒரு பங்கைவிடப் பெரிது. அத்தனை பெரிய காட்டுக்குள் செல்வதற்கு ஒரே சாலை. அதன் நீளம் 92 மைல். 1972-இல் புதிய நெடுஞ்சாலை ஒன்று திறக்கப்பட்டதும், மோட்டார் வண்டிகள் ஏராளமாக வந்து குவியும் என்று கண்ட பூங்கா அதிகாரிகள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சொந்த வண்டிகள் முதல் 15 மைல் வரையில்தான் போகலாம்; அதற்கு அப்பால் செல்ல விரும்புகிறவர் பூங்காவின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். செல்வந்தரானாலும் மாணவரானாலும் பஸ்ஸில் ஓர் இருக்கைதான். பயணிகளில் யார் விலங்கைக் கண்டாலும் “நிறுத்துங்கள்” என்று குரல் கொடுக்கலாம். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். பிறகு எல்லோரும் குரலை அடக்கிக்கொண்டு, கரடியையோ ஓநாயையோ வெண்ணிற மலையாட்டையோ அமைதியாகப் பார்க்கிறார்கள். முன்பின் அறியாத நாற்பது பேர் ஒரு கரடிக்காகச் சேர்ந்து மௌனம் காக்கிறார்கள். 2021-இல் மலைச்சரிவு ஏற்பட்டு அந்தச் சாலை நடுவழியில் துண்டிக்கப்பட்டபோதும், எஞ்சிய பகுதியில் இந்த முறையைக் கைவிடாமல் பஸ்களை நடத்தினார்கள்.

இதிலுள்ள கணக்கு எளியது. இருபத்தைந்து பேர் ஒரு பஸ்ஸில் போனால் பாதையில் ஒரு வண்டி. அவர்களே ஜீப்பிலும் காரிலும் போனால் ஐந்தாறு வண்டிகள். வண்டி பெருகினால் புகையும் புழுதியும் இரைச்சலும் பெருகும். ஒரு புலி தென்பட்டால் ஆறு வண்டிகளும் அதைச் சூழ்ந்துகொள்ளும். அதற்கு ஒதுங்க வழி இராது. இன்னொரு காரணமும் உண்டு. அடிக்கடி வண்டிகளைக் காணும் காட்டு விலங்குகள், வண்டியை ஒரே பொருளாகத்தான் கருதுகின்றன. பாறை நகர்வது போல அது வருகிறது; தமக்குத் தீங்கு செய்யாமல் போய்விடுகிறது. எனவே தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்கின்றன. உள்ளிருக்கும் ஒருவர் எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ, ஒரு காலைத் தரையில் வைத்தாலோ, அந்தப் பாறையிலிருந்து திடீரென்று மனித உருவம் முளைக்கிறது. உடனே மான் ஓடும். யானை திரும்பி நிற்கும். உட்கார்ந்திருங்கள் என்று ஓட்டுநர் சொல்வதன் பொருள் இதுவே.

ஆகவே காட்டுக்குச் செல்லும் நம் குடும்பங்களுக்குச் சில யோசனைகள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். மண்ணின் நிறமும் இலையின் நிறமும் உடைய ஆடையை உடுத்துங்கள். மல்லிகைச் சரத்தையும் வாசனைத் தைலத்தையும் அன்று ஒருநாள் வீட்டிலேயே விட்டு வையுங்கள். குழந்தைகளுக்குப் புறப்படுமுன்பே வயிறார ஆகாரம் கொடுத்துவிடுங்கள். வண்டியில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் ஓசைக்கே மான் ஓடிவிடும். எந்த விலங்குக்கும் எதையும் வீசிப் போடாதீர்கள். நம் கையால் வாழைப்பழம் தின்று பழகிய குரங்கு, நாளை சாலைக்கு வந்து காரில் அடிபட்டுச் சாகும். கைத்தொலைபேசியின் ஒலியை அடக்கி வையுங்கள். படம் பத்து எடுத்தால் போதும். மீதி நேரம் கண்ணால் பாருங்கள்.

விலங்கு தென்படாத வேளையிலும் காண வேண்டியவை உண்டு. ஈர மண்ணில் பதிந்த குளம்படி, யானை உராய்ந்து சேறு அப்பிய அடிமரம், பாதையில் ஆவி பறக்கும் லத்தி, மரப்பட்டையில் நகம் கீறிய தடம் இவையெல்லாம் சற்றுமுன் இங்கே ஒருவர் இருந்தார் என்று சொல்லும் கடிதங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மேய்ந்துகொண்டிருந்த மான் திடுமெனக் கூர்மையாகக் கூவினால், அல்லது மரத்து உச்சியிலிருந்து குரங்கு இருமுவது போலக் குரல் எழுப்பினால், புலியோ சிறுத்தையோ அருகில் நடமாடுகிறது என்று பொருள் கொள்ளலாம். புலியைக் காணாவிட்டாலும், புலி வருகிறது என்று காடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டுவிட்டு வரலாம். அப்படிக் கேட்டுவிட்டு வந்த குழந்தை “ஒன்றும் பார்க்கவில்லை” என்று சொல்லாது.

இதுவரை காட்டுக்குள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொன்னோம். காட்டுக்குப் போகும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சியால்தாவில் இரவில் புறப்படும் காஞ்சன்கன்யா வண்டி மறுநாள் காலையில் சிலிகுரியைக் கடந்து, தீஸ்தா ஆற்றைத் தாண்டி, டூவார்ஸ் காடுகளின் ஊடே ஹாசிமாரா வழியாக அலிப்பூர்துவார் செல்கிறது. ஜன்னலோரத்தில் அமர்ந்தால் தேயிலைத் தோட்டமும் காடும் மாறி மாறி வரும். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதே தண்டவாளத்தின்மேல்தான் 2010 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, பானர்ஹாட்டின் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டு ஏழு யானைகள் மாண்டன. தண்டவாளத்தில் சிக்கிக்கொண்ட குட்டிகளைக் காக்கப் பெரிய யானைகள் சூழ்ந்து நின்றன, வண்டி வந்துவிட்டது. 2013 நவம்பர் 13-ஆம் தேதி, சாப்ராமாரிக் காட்டை ஒட்டிய ஜல்டாக்கா பாலத்தருகே பயணி ரயில் ஒன்று யானைக் கூட்டத்தின்மேல் மோதி மறுபடியும் ஏழு உயிர்கள் போயின. மீட்டர் பாதை அகலப்பாதையாக்கப்பட்ட பின் அந்த வழியில் வண்டிகளும் பெருகின, வேகமும் பெருகியது. பின்னர் வேகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். தண்டவாளத்தை ஒட்டி யானை வருவதை அதிர்வினால் அறிந்து எச்சரிக்கும் கருவிகளையும் பொருத்தத் தொடங்கினார்கள். அவ்வழியில் நம் ரயில் மெதுவாக ஊர்ந்தால், “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாமதம் ஒரு கன்றின் ஆயுளாக இருக்கலாம்.

தென்னாட்டிலும் இதே கதை. முதுமலையையும் பந்திப்பூரையும் ஊடறுத்து மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், 2009-இலிருந்து பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டது. இரவில் விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. வியாபாரிகளுக்கும் அவசரமாகச் செல்வோர்க்கும் அதனால் இடர்ப்பாடு உண்டென்பது மெய்யே. ஆனால் சாலை நமக்கு ஒருநாள் வழி. அவற்றுக்கு அதுவே வாசல். முதுமலையை அடுத்த மசினகுடியில், விலங்குகளைக் காண வருவோருக்கென்று விடுதிகள் பல முளைத்தன. 2021 ஜனவரியில் அத்தகைய விடுதி ஒன்றின் பக்கம் வந்த காட்டு யானையின்மேல், அங்கிருந்தோர் எரியும் டயரை வீசினார்கள். காதும் தலையும் வெந்த அந்த யானை உயிர் பிழைக்கவில்லை. யானையைக் காண வருவோரை நம்பிப் பிழைக்கும் இடத்திலேயே யானைக்கு அந்தக் கதி நேர்ந்தது. விடுதி தேடும்போது, அது வனவழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதா, முறையான அனுமதி பெற்றதா என்று கேட்டறிவது பயணியின் கடமை. வாடகை கொடுப்பவருக்குத்தான் கேட்கும் வலிமை உண்டு.

விலங்குகளின் துயரைச் சொன்னோம். மனிதரின் துயரைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. வடவங்கத்துக் காடுகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் வன கிராமங்களும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் யானையைப் பார்க்கப் பணம் கட்டுவதில்லை. யானையே அவர்களைத் தேடி வருகிறது. விளைந்த நெல்லைத் தின்கிறது. குடிசையின் சுவரை இடித்து அரிசியை எடுக்கிறது. 2023 பிப்ரவரி 23-ஆம் தேதி, மாத்யமிக் தேர்வின் முதல் நாள். ஜல்பாய்குரி மாவட்டத்துப் பைகுண்டபூர்க் காட்டின் வழியே, தேர்வு எழுதத் தந்தையுடன் இருசக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்த மாணவன் ஒருவனை யானை தாக்கிக் கொன்றது. பத்தாம் வகுப்புத் தேர்வு என்றால் நம் வீடுகளில் எத்தனை பரபரப்பு என்பது நமக்குத் தெரியும். அன்று காலை அவன் தாயும் நெற்றியில் திலகமிட்டு அனுப்பியிருப்பாள். அச்செய்தியைப் படித்த எந்தப் பெற்றோருக்குத்தான் நெஞ்சு பதறாமல் இருக்கும்?

அதன்பின் அரசினர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். காட்டு வழியே தேர்வுக்குச் செல்லும் மாணவர்களை, வனத்துறையின் காவலோடு பஸ்களிலும் வண்டிகளிலும் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள்.

ஆகவே அந்தக் காட்டில் இரண்டு வகையான பஸ்கள் ஓடுகின்றன. ஒன்றில் நாம் போகிறோம்; யானை தென்படவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போகிறோம். மற்றொன்றில் அவ்வூர்ப் பிள்ளைகள் போகிறார்கள்; யானை தென்படாதிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பஸ்களுக்கும் வழிகாட்டுபவர் அதே வனக்காவலர். நாம் காணும் காட்சி அந்தப் பிள்ளைகளின் பொறுமையால் நமக்குக் கிடைத்தது என்பதை நாம் மறக்கலாகாது. காண்டாமிருகம் பதினான்கிலிருந்து 292 ஆனதென்றால், அதன் பாரத்தைத் தாங்கியவர்களில் முதல்வர்கள் அந்த வயலுக்கும் குடிசைக்கும் உரியவர்களே.

வெளியூரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. பிறர் வாழும் ஊரில் இடம் பெற்று, அவர்களுடைய முறைகளை அறிந்து, அவர்களுக்கு இடைஞ்சல் இன்றி வாழ்வது எப்படி என்பதை நம் பெற்றோர் இந்நகரில் பழகிக் காட்டியிருக்கிறார்கள். காட்டிலும் அதே மரியாதைதான் வேண்டும். அங்கே வீட்டுக்காரர் விலங்கு. அண்டை வீட்டார் வன கிராமத்து மக்கள். அவர்களிடம் வழிகாட்டி வேண்டின் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். தேநீரும் உணவும் அவர்கள் கடையிலேயே வாங்குங்கள். யானையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்திகளை அவர்கள் சொல்வார்கள். ‘உங்கள் ஊரில் யானை வருமா?’ என்று ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிறுவன் நம் குழந்தையைக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நம் குழந்தை சற்று நேரம் யோசிக்கட்டும். புலி தென்பட்டதா இல்லையா என்பதைவிட, அந்த யோசனை வெகுநாள் அதனுடன் இருக்கும்.